கால்பந்து வளர்த்த ஆசிரியர் ரஹீம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

முன்னுரை

வள்ளல் என்றதும் நம் நினைவிற்கு வருபவர்கள் கடையெழு வள்ளல்கள். அவர்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையே நான் பிறந்த மண். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கப்படுகிறது. ஓர் அம்பினால் ஐந்து விலங்குகளை வீழ்த்தியவன் என்று சங்கப் புலவர் போற்றிய வில்லாளி அவன். நாடி வந்த பாணருக்கும் விறலியருக்கும் வாரி வழங்கிய கொடையாளியும் அவனே. ஆயினும் ஓரி ஓர் அரசன். கொடுப்பதற்கு அவனிடம் மலையும் இருந்தது, மலைவளமும் இருந்தது.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய ஒரு பள்ளி ஆசிரியர், ஏழைச் சிறுவன் ஒருவன் பயிற்சிக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்தாரே, அந்தக் கொடையை எந்த வரிசையில் வைப்பது? அந்தச் சிறுவன் பின்னாளில் ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தான். அந்த ஆசிரியரோ இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தைத் தம் கையால் கட்டினார். அவர்தாம் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத் மக்கள் அன்போடு அழைத்த பெயர் ரஹீம் சாகிப்.

கல்லூரி மலரில் அரசியல் தலைவர்களைப் பற்றியும் அறிவியல் மேதைகளைப் பற்றியும் நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள். விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் மலையில் சிற்றூர்க் கால்பந்துக் குழுக்கள் மழைக்காலக் காளான்போல் தோன்றுகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்தும் போகின்றன. ஒரு குழுவைக் காப்பாற்றுவது எப்படி, அடுத்த தலைமுறையை வளர்ப்பது எப்படி என்னும் கேள்விகளுக்கு ரஹீமின் வாழ்க்கையில் விடை இருக்கிறது என்பது என் துணிபு.

இளமையும் கல்வியும்

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் ஐதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானம். உஸ்மானியப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றார். படிக்கும்போதே பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடினார். படிப்பு முடிந்ததும் அவர் தேர்ந்துகொண்ட தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலிய பள்ளிகளில் பணிபுரிந்தார். பின்னர் உடற்கல்வியில் பட்டயமும் பெற்று விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரஹீம் பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். உள்ளூர்க் கழகங்களில் ஆடினார், அவ்வளவே. அவருடைய புகழ் முழுவதும் பிறரை ஆட வைத்ததனால் வந்த புகழ். வகுப்பறையில் நாற்பது மாணவரைப் பார்க்கும் ஆசிரியருக்கு, யார் எதில் வல்லவன், யார் எங்கே தடுமாறுகிறான் என்று தெரியும். கரும்பலகை முன் கற்ற அந்தக் கண்ணைத்தான் அவர் மைதானத்திற்கும் எடுத்துச் சென்றார். கால்பந்தும் ஒரு பாடம், அதையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவர் நம்பினார். பிறவித் திறமை இருந்தால் போதும் என்று நாடே எண்ணியிருந்த காலத்தில் இது புதுமையான எண்ணம்.

1940ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. செயலாளர் பதவி என்றால் நாற்காலியும் மாலையும் என்று அவர் கருதவில்லை. பந்தயங்களை ஒழுங்குபடுத்துவதும், பள்ளிப் பிள்ளைகளை மைதானத்திற்குக் கொண்டுவருவதும், நடுவர்களை ஏற்பாடு செய்வதும் ஆகிய சலிப்பூட்டும் பணிகளையெல்லாம் தலைமேற்கொண்டு செய்தார்.

காவலர் அணியின் எழுச்சி

அக்காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தா என்பதே பொருள். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்னும் மூன்று பெருங்கழகங்களுக்கும் இலட்சக்கணக்கான இரசிகர்கள் இருந்தனர். டூரண்ட் கோப்பையோ நெடுங்காலம் ஆங்கிலேய இராணுவ அணிகளின் தனிச்சொத்தாக இருந்தது. 1940ஆம் ஆண்டில்தான் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அதை வென்று அந்தக் கோட்டையை உடைத்தது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1937ஆம் ஆண்டில்தான் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற இந்திய அணி முதன்முதலாகக் கைப்பற்றியது.

இவ்வளவு பெரிய கழகங்களுக்கு முன்னால் ஐதராபாத் நகரக் காவல்துறை அணி எம்மாத்திரம்? ஆட்டக்காரர்கள் காவல் உத்தியோகம் பார்ப்பவர்கள். கல்கத்தா கழகங்களிடம் இருந்த செல்வமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்தது. பழைய ஆட்சி போய்ப் புதிய ஆட்சி வந்த காலம் அது. அந்த மாறுதலுக்குச் சிறிது காலம் கழித்து, 1950ஆம் ஆண்டில், காவலர் அணியின் பயிற்சிப் பொறுப்பை ரஹீம் ஏற்றார். தாம் இறக்கும்வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை.

விளைவு என்ன? 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பை ஐதராபாத் காவலர்களுக்கே சென்றது. 1950ஆம் ஆண்டில் டூரண்ட் கோப்பையையும் வென்றார்கள். 1954இலும் 1957இலும் மீண்டும் அதை வென்றார்கள். ஆந்திரப் பிரதேசக் காவல்துறை என்று பெயர் மாறிய பிறகு 1961இலும் அக்கோப்பை அவர்களுடையதே ஆயிற்று. மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐதராபாத் பெற்றது. கல்கத்தாவைப் பார்த்து அஞ்சிய காலம் போய், ஐதராபாத்தைப் பார்த்துக் கல்கத்தா கவலைப்படும் காலம் வந்தது.

இந்த மாற்றம் மந்திரத்தால் வந்ததன்று. அக்கால இந்திய ஆட்டக்காரர்கள் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை ஏய்த்துச் செல்வதைப் பெருமையாகக் கருதினர். கூட்டமும் அதற்கே கைதட்டியது. ரஹீம் அந்தக் கைதட்டலை மதிக்கவில்லை. பந்தைத் தரையோடு தரையாகத் தட்டி அருகில் இருப்பவனுக்குக் கொடு. கொடுத்துவிட்டு நிற்காதே, அடுத்த காலி இடத்திற்கு ஓடு. இதுவே அவர் தந்த பாடத்தின் சாரம். ஓடும் காலைவிடப் பந்து வேகமாக ஓடும் என்பது எளிய உண்மை. அந்த எளிய உண்மையைப் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் நம்புமாறு செய்வதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை அவர் செய்து முடித்தார்.

விதைத் தானியம்

வெற்றி பெற்ற அணிக்கு ஓர் ஆபத்து உண்டு. பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் அழைத்துக்கொள்ளும். ஐதராபாத்துக்கும் அதுவே நேர்ந்தது. ரஹீம் வளர்த்தவர்கள் பலர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நல்ல வாய்ப்பு வந்தால் போகாமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. போனவர்களை நினைத்துப் புலம்புவதற்குப் பதிலாகப் புதியவர்களை உருவாக்குவதே வழி என்று ரஹீம் கண்டார்.

எங்கள் மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிடும் முதியவர்கள் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைத் தானியத்தில் கை வைக்கமாட்டார்கள். இந்த ஆண்டு விளைச்சல் எவ்வளவு என்பதைவிட அடுத்த ஆண்டுக்கு விதை இருக்கிறதா என்பதே அவர்கள் கவலை. ரஹீமின் கவலையும் இதுவே. கோப்பை என்பது இந்த ஆண்டின் விளைச்சல், சிறுவர்களே விதை.

சிறுவர்களுக்காக அவர் நடத்திய பந்தயங்கள் விந்தையானவை. ஒரு பந்தயத்தில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலக்கால் பழக்கம் உள்ளவன் இடக்காலால்தான் ஆட வேண்டும். மற்றொரு பந்தயத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரியை ஏய்த்துச் செல்லக் கூடாது. வந்த பந்தைத் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும். இவை வேடிக்கைக்காக வைத்த விதிகள் அல்ல.

ஆழ்ந்து சிந்தித்தால் இவற்றின் நுட்பம் விளங்கும். பயிற்சியின்போது இடக்காலையும் பயன்படுத்து என்று ஆயிரம் முறை சொன்னாலும் பிள்ளை கேட்பதில்லை. பந்தயத்தின் விதியே அப்படி என்றால் வெற்றி வேண்டி அவனே பழகிக்கொள்வான். இடமும் வலமும் ஒன்றுபோல் ஆகிவிட்டவனை எந்தப் பக்கம் தடுப்பது என்று எதிரணிக்குத் தெரியாது. அதுபோலவே, பந்தை வைத்துக்கொள்ள முடியாது என்றால், பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்து மைதானத்தைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அறிவுரையால் வராத பழக்கத்தை விதியால் வரவழைத்த இந்த முறை, ஆசிரியராகப் பல்லாண்டு உழைத்தவருக்கே தோன்றக் கூடியது.

ஒரு ரூபாயும் ஒரு மிதிவண்டியும்

செகந்திராபாத்தின் புறத்தே அம்முகுடா என்றோர் ஊர். அங்கே 1936ஆம் ஆண்டில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். வறுமையான குடும்பம். கால்பந்தின்மேல் தீராத ஆசை. உள்ளூர் ஆட்டம் ஒன்றில் அந்த வாலிபரின் திறமை ரஹீமின் கண்ணில் பட்டது. ஐதராபாத்துக்கு வந்து பயிற்சி பெறும்படி அழைத்தார். ஆனால் வருவது எப்படி? பல கல் தொலைவு, பேருந்துக்கும் காசில்லை. தம் இயலாமையைப் பலராம் தயங்கித் தயங்கிச் சொன்னார். ரஹீம் நாள்தோறும் ஒரு ரூபாய் கொடுத்தார். அதைக் கொண்டு வாடகை மிதிவண்டி எடுத்து வந்து பலராம் பயிற்சி பெற்றார். இந்தச் செய்தியைப் பிற்காலத்தில் பலராமே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஒரு ரூபாயின் பயன் என்னவாயிற்று? 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் இருபது வயதுப் பலராமும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெரு நாட்டுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் என்னும் மூவரும் இந்தியக் கால்பந்தின் மும்மணிகள் ஆயினர். 2023 பிப்ரவரியில் பலராம் மறைந்தபோது நாடு முழுவதும் அவரை நினைத்துப் பார்த்தது. அந்நாளில் ஒரு மிதிவண்டி வாடகை கிடைக்காமல் போயிருந்தால் அப்படி ஒருவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மைதானத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஏழைப் பிள்ளையின் முதல் எதிரி. மலையிலிருந்து வந்து படிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் எழுபதைக் கடந்து இறங்கும் பேருந்தின் நேரம்தான் எங்கள் பயிற்சியின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக ஆட்டத்தின் நடுவிலேயே மைதானத்தை விட்டு ஓடிய நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். திறமை குறைந்ததால் அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. தூரத்திடம் தோற்று விட்டார்கள். ஆதலால்தான் ரஹீம் கொடுத்த ஒரு ரூபாய் என் கண்ணுக்கு அவர் பெற்ற கோப்பைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

உலக அரங்கில்

1951ஆம் ஆண்டில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடைபெற்றன. ரஹீமின் பயிற்சியில் இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் மேவாலால்.

அடுத்த ஆண்டே பேரிடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்றது. நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். குளிரிலும் ஈரத்திலும் வெறுங்கால் எப்படி நிற்கும்? அதன் பின்னரே இந்தியாவில் பூட்ஸ் அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. இவ்வளவு பெரிய தோல்விக்குப் பின் வேறொருவராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். ரஹீம் அந்தத் தோல்வியைப் பாடநூலாக வைத்துக்கொண்டார். ஐரோப்பியர் எப்படி நிற்கிறார்கள், எப்படி ஓடுகிறார்கள், தடுப்பு வரிசையை எப்படி அமைக்கிறார்கள் என்று ஆராய்ந்து நம் ஆட்ட முறையைத் திருத்தினார்.

நான்கே ஆண்டுகள். 1956 மெல்போர்னில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே இந்தியா 4-2 என்று வீழ்த்தியது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்து முந்தியது இந்தியா. முடிவில் 4-1 என்று தோற்றாலும், பத்துக்கு ஒன்று என்று தோற்ற அணியா இது என்று அனைவரும் வியந்தனர். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றோம்.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்று நூலிழையில் தோற்றோம். பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தோம். அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இடம் பெற்றிருந்தார். ஆயினும் ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை. தந்தை பயிற்சியாளராக இருந்தும் மகன் வெளியே அமர்ந்திருந்தான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்து ஆட்களைச் சேர்க்கும் ஒவ்வொரு குழுவும், கல்லூரிக் குழுவானாலும் ஊர்க் குழுவானாலும், இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜகார்த்தாவில் தங்கம்

1962ஆம் ஆண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தன. ரஹீமின் உடலில் நுரையீரல் புற்றுநோய் புகுந்திருந்தது. அவர் சிகரெட் பழக்கம் மிகுந்தவர். நோயைச் சுமந்துகொண்டே அணியோடு சென்றார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும், அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்றும் வென்று இறுதியாட்டத்துக்கு வந்தது இந்தியா. எதிரே மீண்டும் தென்கொரியா.

அந்த அணியின் நிலைமையைக் கேளுங்கள். தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல் போட்டிருந்தது. கோல்கீப்பர் தங்கராஜ் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். மைதானத்தில் திரண்டிருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அந்தப் போட்டிகளில் இடம் தரப்படவில்லை. அதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தச் சினம் நம் ஆட்டக்காரர்கள்மேல் திரும்பியது.

ரஹீம் இங்கேதான் தம் துணிவைக் காட்டினார். தலையில் காயம்பட்ட ஜர்னைல் சிங்கைத் தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து முன்கள நடுவில் நிறுத்தினார். அரையிறுதியிலேயே இந்த மாற்றம் பயன் தந்தது. ஜர்னைல் சிங் ஒரு கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் தங்கராஜை மீண்டும் கோல் காக்க அனுப்பினார். ஆட்டத்துக்கு முந்திய நாள், தமக்கு வேறு எதுவும் வேண்டாம், இந்தத் தங்கம் ஒன்றே போதும் என்று ஆட்டக்காரர்களிடம் அவர் உருக்கமாகக் கேட்டுக்கொண்டதாக அவர்கள் பின்னாளில் கூறியிருக்கின்றனர்.

1962 செப்டம்பர் 4ஆம் நாள். பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். இறுதி நேரத்தில் கொரியா ஒரு கோல் திருப்பியது. 2-1 என்று இந்தியா தங்கம் வென்றது. ஆண்கள் கால்பந்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா கடைசியாகப் பெற்ற தங்கம் அதுவே.

தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ் எனத் தமிழ்ப் பெயர் தாங்கிய நால்வர் அந்த அணியில் இருந்தனர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. தங்கராஜ் நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் அணியில் சேர்ந்தபோது முன்கள ஆட்டக்காரர். அங்கேதான் கோல்கீப்பராக மாறினார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மலைமேல் உள்ள மைதானத்திலிருந்தும் ஆசியாவை வெல்லும் ஆட்டக்காரன் வர முடியும் என்பதற்கு அவரே சான்று.

மறைவும் அதன் பின்னும்

ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 ஜூன் 11ஆம் நாள் ரஹீம் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

அவர் போன பின்பு ஐதராபாத் கால்பந்து மெல்ல மெல்ல மங்கியது. ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960க்குப் பிறகு இந்தியா தகுதி பெறவே இல்லை. ஆசியப் போட்டிகளில் 1970ஆம் ஆண்டில் ஒரு வெண்கலம், அதோடு சரி. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண் மூடிவிட்டார். நெடுங்காலம் அவர் பெயர் கால்பந்து அன்பர்களின் நினைவில் மட்டுமே வாழ்ந்தது. 2024இல் அவர் வாழ்க்கை மைதான் என்ற பெயரில் இந்தித் திரைப்படமாக வந்த பின்னரே இளைஞர் பலர் அவரைப் பற்றிக் கேட்டறிந்தனர்.

ஒரு மனிதர் மறைந்ததும் ஒரு கழகம் தளர்வதேன் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ரஹீம் செய்த வேலைகள் எல்லாம் ரஹீமின் தோளிலேயே இருந்தன. ஆட்களைத் தேடுவதும் அவர், பயிற்றுவிப்பதும் அவர், சங்கத்தை நடத்துவதும் அவர். ஆலமரம் சாய்ந்தபோது தாங்கி நிற்க விழுதுகள் போதிய அளவு ஊன்றியிருக்கவில்லை. இது அவர் குறையன்று. அவர் அருகில் நின்று வேலையைக் கற்றுப் பகிர்ந்துகொள்ளப் போதுமான ஆட்களை அளிக்காத சுற்றத்தின் குறை. அவரைப் புகழும் நாம் இந்தப் பாடத்தையும் மறக்கக் கூடாது.

நாம் கற்க வேண்டியவை

எங்கள் கொல்லிமலையில் விளையாடச் சமதளம் கிடைப்பது அரிது. இருக்கும் சமதளமெல்லாம் வயலும் தோட்டமுமாக இருக்கின்றன. ஆனால் ரஹீமின் பந்தயங்களுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. அறுவடை முடிந்த களத்துமேட்டில் ஐந்து பேர் இருபுறமும் நின்று ஆடலாம். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டிக்கு ஒரு பைசா செலவில்லை. பந்தை வைத்துக்கொள்ளாமல் தட்டிக் கொடுக்கும் ஆட்டத்துக்குச் சிறிய இடமே ஏற்றது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சுக்கும் குறைவில்லை, கால் வலுவுக்கும் குறைவில்லை. வேண்டியது பார்க்கும் கண்ணும் சொல்லிக்கொடுக்கும் பொறுமையுமே.

குழு தோற்றுக்கொண்டிருக்கும்போதுதான் அதற்கு ஆதரவு தேவை. வெற்றி பெறும் குழுவைச் சுற்றி எல்லாரும் கூடுவர். ஊர்க்குழு ஒன்று தோற்றுவிட்டு வந்தால், அடுத்த முறை வெளியூரிலிருந்து ஆட்களைக் கூலிக்கு இறக்கலாமா என்றுதான் முதலில் பேச்சு எழுகிறது. அந்தப் பணத்தில் ஊர்ச் சிறுவர் பத்துப் பேருக்குப் பூட்ஸ் வாங்கலாம். இறக்கிய ஆள் கோப்பையோடு திரும்பிப் போய்விடுவான். ஊர்ச் சிறுவன் அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பான். நல்ல வாய்ப்பு வந்து அவன் வெளியே போனாலும் அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

முடிவுரை

உடற்கல்வி ஆசிரியர் என்றால் விசில் ஊதுபவர் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ரஹீமின் வாழ்க்கை அந்த எண்ணத்தைத் துடைத்தெறிகிறது. நம்முள் பலர் நாளை பள்ளிகளுக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் ஆசிரியர்களாகச் செல்லப்போகிறோம். அங்கே மாலை மணி அடித்த பிறகும் பந்தோடு நிற்கும் ஒரு பிள்ளை இருப்பான். அவனுக்குப் பேருந்துக் காசு இருக்கிறதா என்று கேட்கும் ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். சையது அப்துல் ரஹீம் தம் வாழ்நாள் முழுவதும் செய்தது அதுதான். அந்த வேலையை நாமும் செய்ய முடியும், மாணவ நண்பர்களே. நினைவுச் சின்னங்களைவிட அவருக்கு அதுவே உகந்த காணிக்கையாகும்.